கட்டாந்தரையும் கோல்ஃப் வெட்ஜும்: வள்ளியூர்ப் பக்கத்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் இடையே தென்னந்தோப்பும் அதை ஒட்டிச் சிறிது தரிசு நிலமும் உடைய வணிகர் ஒருவரின் ஷார்ட் கேம், அதாவது குழி அமைந்த சீரான தளமாகிய கிரீனுக்கு நூறு யார்டுக்குள் வந்த பிறகான ஆட்டம், பல ஆண்டுகளாக ஏன் தேறாமல் இருந்தது என்பதையும், பையிலிருந்த வெட்ஜ்களில், அதாவது பந்தை உயர எழுப்பும் குறுந்தூர மட்டைகளில், ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்த பிறகு அது எவ்வாறு மாறியது என்பதையும் இந்த ஆய்வு பதிவு செய்கிறது. தம் பெயர் வெளியாவதை அவர் விரும்பவில்லை. ஆகவே ஊரார் அழைப்பது போலவே அண்ணாச்சி என்று குறிப்பிடுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் கோல்ஃப் ஆடுவோர் மிகச் சிலரே. வள்ளியூரிலிருந்து முறையான மைதானத்தில் ஆடப் புறப்படுபவர், நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள 9 குழி மைதானத்துக்குச் செல்ல வேண்டும். இல்லையேல் மதுரையைக் கடந்து, 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கிளப்பின் 18 குழி மைதானத்துக்கு ஏற வேண்டும். பயிற்சி ஓரிடத்திலும் ஆட்டம் வேறிடத்திலும் என்ற இந்த நிலைமையால், இங்குள்ளவர்களுக்கு வெட்ஜ் தேர்வு நகரத்து ஆட்டக்காரர்களுக்கு இருப்பதை விடச் சிக்கலாகிறது. கடைகளில் கிடைக்கும் அறிவுரை நாள்தோறும் நீர் பாய்ச்சிப் பராமரிக்கும் புல்தரையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. அண்ணாச்சி பழகுவதோ சித்திரை வெயிலில் பாளம் பாளமாக இறுகிப்போகும் செம்மண்ணில்.

ஆட்டக்காரரும் அவர் பழகிய தரையும்

அண்ணாச்சி ஐம்பதைத் தாண்டியவர். குழாய், பெயின்ட், கட்டுமானச் சாமான்கள் விற்கும் மொத்தக் கடை நடத்துகிறார். கோல்ஃபை அவர் கற்றது ஊரில் அல்ல, இளமையில் வேலை பார்த்த வளைகுடா நாட்டில். அந்நாளைய பாலைவன மைதானங்களில் புல் கிடையாது. கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்து உருட்டிச் சமப்படுத்திய மணல் தளம் இருக்கும்; அதைப் பிரவுன் என்பார்கள். தொடக்க இடத்துக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட ஃபேர்வேயில் பந்து எங்கே கிடந்தாலும், உடன் எடுத்துச் செல்லும் செயற்கைப் புல் துண்டு ஒன்றின் மேல் அதை வைத்து அடிப்பது வழக்கம். இந்தச் செய்தியை அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். என் கணிப்பில், இவ்வாய்வின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

செயற்கைப் புல் மீது அடிக்கும்போது, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மட்டையின் தலை தரையைத் தொட்டாலும், அது புதையாமல் வழுக்கிச் சென்று பந்தைச் சந்தித்துவிடும். பிழை நடந்திருக்கும்; பலன் மட்டும் ஏறக்குறைய சரியாக வந்துவிடும். இப்படிப் பழகியவர் மணிக்கட்டை முன்னே தள்ளி, தண்டை இலக்கின் பக்கமாகச் சாய்த்து, செங்குத்தாக மட்டையை இறக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொண்டால், அதைத் தடுத்துச் சொல்ல அந்தத் தரையிடம் எதுவும் இல்லை. ஊர் திரும்பி உண்மையான மண்ணில் அடிக்கத் தொடங்கிய பிறகே அந்தப் பழக்கத்தின் கணக்கு தீர்க்கப்பட வேண்டியதாயிற்று.

அவரது ஹேண்டிகேப், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் எண், இருபதுக்கு மேல்; அந்த எண் கூடக் கூடத் திறன் குறைவு என்று பொருள். தொடக்க இடமான டீயிலிருந்து அடிக்கும் அடியும், நெடுந்தூரத்துக்கு உரிய நீண்ட அயன் மட்டைகளின் அடிகளும் அந்த எண்ணுக்குப் பொருந்தாத அளவு நன்றாக இருந்தன. கிரீனுக்கு அருகே வந்ததும் பந்து ஒன்று இரண்டடி நகர்ந்து நின்றுவிடும். அல்லது தரையோடு தரையாகச் சீறிக் கிரீனைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று அவர் நம்பியிருந்தார்.

பையில் இருந்தவை

அவரது அயன் செட்டில் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி லாஃப்ட், அதாவது முகச்சாய்வு, உடையது. முன்பு பிட்சிங் வெட்ஜ் என்றால் 48 முதல் 50 டிகிரி வரை இருக்கும். பந்து தொலைவாகப் போகிறது என்று காட்டுவதற்காக உற்பத்தியாளர்கள் அயன்களின் லாஃப்டைக் குறைத்துக்கொண்டே வந்ததில், இன்று பல செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் என்று பெயர் பொறித்தது உண்மையில் பழைய ஒன்பதாம் அயனாகவே இருக்கிறது. வாங்குபவர் பெயரைப் பார்க்கிறார்; டிகிரியைப் பார்ப்பதில்லை. இது விற்பனைத் தந்திரம் என்பதே என் கருத்து.

அதற்கு அடுத்து, வளைகுடாக் காலத்தில் வாங்கிய 56 டிகிரி சாண்ட் வெட்ஜ். அதன் அடியில் 56 என்பதோடு 14 என்றும் பொறித்திருந்தது. மூன்றாவது 60 டிகிரி லாப் வெட்ஜ். அதில் 60, 4 என்ற எண்கள். இது சில ஆண்டுகளுக்கு முன் மகன் துபாயிலிருந்து வாங்கி வந்தது. ஊர்த்தரை இறுகியது என்று அவன் கடையில் சொன்னதும், இறுகிய தரைக்குக் குறைந்த பவுன்ஸ்தான் ஏற்றது என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அன்று முதல் கிரீனைச் சுற்றிலும் எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி அந்த 60-ஐயே பயன்படுத்தி வந்தார். 56 பைக்குள்ளேயே கிடந்தது.

பவுன்ஸ் என்ற அந்த இரண்டாவது எண்ணை இங்கே விளக்கியாக வேண்டும். வெட்ஜை இயல்பான நிலையில் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், முகத்தின் முன்விளிம்பு சற்று மேலே இருக்க, சோல் எனப்படும் அடிப்பாகத்தின் பின்பகுதி தாழ்ந்திருப்பது தெரியும். முன்விளிம்பிலிருந்து அந்தத் தாழ்ந்த இடத்துக்குப் போகும் கோடு தரையோடு அமைக்கும் கோணமே பவுன்ஸ். 4 முதல் 6 டிகிரி வரை குறைவு என்றும், 7 முதல் 10 வரை நடுத்தரம் என்றும், அதற்கு மேல் மிகுதி என்றும் பொதுவாகக் கொள்வர். உழவு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: முன்விளிம்பு கொழு, பின்பகுதி பரம்புப் பலகை. கொழு முதலில் மண்ணைத் தொட்டால் உள்ளே இறங்கும். பரம்பு முதலில் தொட்டால் மேலே சறுக்கிச் செல்லும்.

இந்தப் பின்பகுதி உருவான கதையும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆட்டக்காரர் ஜீன் சரசன், மணலில் புதைந்து சிக்கிய மட்டையின் அடிப்பின்பகுதியில் ஈயப்பற்றைச் சேர்த்துத் தடிக்கச் செய்து, 1932-இல் இங்கிலாந்தின் பிரின்ஸஸ் மைதானத்தில் நடந்த ஓபன் போட்டியை வென்றார். மட்டை தோண்டாமல் இருப்பதற்காகவே சாண்ட் வெட்ஜ் பிறந்தது. தோண்டும் கை உடைய ஒருவரிடம் தோண்டும் வெட்ஜைக் கொடுத்ததுதான் அண்ணாச்சிக்கு நேர்ந்தது.

தோப்பில் செய்த சோதனைகள்

கருவி எதுவும் இல்லாமல் தூரத்தை அளப்பதற்குத் தோப்பே உதவியது. தென்னங்கன்றுகளை 25 அடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். இவருடைய தோப்பிலும் அப்படியே நட்டிருந்தார்கள். ஆகவே பன்னிரண்டு இடைவெளிகள் சேர்ந்தால் 300 அடி, அதாவது சரியாக 100 யார்டு. தோப்பை ஒட்டிய தரிசில் நின்று மர வரிசைக்கு இணையாகப் பந்துகளை அடிக்கச் சொல்லி, அவை விழுந்த இடத்தை மட்டும் குறித்தோம். உருண்டு நின்ற இடத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

முழு வீச்சில் 43 டிகிரி பதினான்காம் இடைவெளியின் முடிவை ஒட்டி விழுந்தது. ஏறத்தாழ 116 யார்டு. 56 ஒன்பதாம் இடைவெளியில், 75 யார்டு அளவில் விழுந்தது. 60 எட்டாம் இடைவெளியை எட்டவே இல்லை. 75-க்கும் 116-க்கும் இடையே, ஐந்து மர இடைவெளிக்கு, முழு வீச்சில் அடிக்க அவரிடம் மட்டையே இல்லை என்பது இதனால் வெளிப்பட்டது. அந்தத் தொலைவில் நிற்கும்போதெல்லாம் பிட்சிங் வெட்ஜை அடக்கி அடிப்பார், அல்லது 56-ஐ முழு வலுவோடு மீறி அடிப்பார். அடக்கி அடிக்கும்போது வீச்சு பாதியில் தளர்ந்து மண்ணில் இறங்கும். மீறி அடிக்கும்போது மண்ணைத் தொடுவதற்கு முன்பே உடல் எழுந்துவிடும். தம் கைத்திறன் குறித்து அவருக்கு இருந்த மனக்குறையில் ஒரு பெரும் பகுதி உண்மையில் பையில் இருந்த இந்த ஓட்டையைப் பற்றியதே.

இரண்டாவது சோதனை தரையைப் பற்றியது. வீட்டிலிருந்து கோலமாவு வாங்கி வந்து, தரிசில் நேர்கோடு ஒன்று இழுத்தோம். பந்து இல்லாமல், கோட்டைப் பந்தாகக் கருதி அடிக்க வேண்டும். மட்டை மண்ணை முதலில் தொட்ட இடம் கோட்டுக்கு முன்னா பின்னா, வெட்டு ஆழமானதா மேலோட்டமானதா என்பதைப் பார்க்க வேண்டும். இதே சோதனையைத் தென்னைப் பாத்தியை ஒட்டி நீர் ஊறிய மெத்தென்ற மண்ணிலும் செய்தோம்.

60 டிகிரியின் வெட்டுகள் ஈர மண்ணில் கோட்டுக்கு நான்கு விரற்கடை பின்னாலேயே தொடங்கி, கத்தி இறங்கியது போல ஒடுங்கி ஆழமாக இருந்தன. கோட்டின் மறுபக்கம் போவதற்குள் மட்டை நின்றேவிட்டது. கட்டாந்தரையில் அதே வெட்ஜின் முன்விளிம்பு தரையில் மோதித் துள்ளியது. மண்ணில் விழுந்தது சிறு கீறல்தான். துள்ளிய அந்த விளிம்பு பந்து இருந்திருந்தால் அதன் வயிற்றில்தான் பட்டிருக்கும். பந்து இரண்டடி நகர்ந்து நிற்பதும் தரையோடு சீறிப் பாய்வதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள், இடையில் மாறியது தரையின் இறுக்கம் மட்டுமே என்பதை அண்ணாச்சி அப்போதுதான் கண்ணால் கண்டார்.

நாங்கள் இருவருமே எதிர்பாராதது 56-இல் தெரிந்தது. பவுன்ஸ் 14 என்பதால் கட்டாந்தரையில் அது பந்தின் வயிற்றில் அடிக்கும் என்றே பொதுவிதி சொல்லும். முகத்தைத் திறக்காமல் நேராக வைத்து அவர் அடித்தபோது வெட்டுகள் கோட்டை ஒட்டியே தொடங்கின. ஆழமில்லாமல், உள்ளங்கை அகலத்தில் தோல் சீவியது போல மண் பெயர்ந்திருந்தது. சோலைத் திருப்பிப் பார்த்தால், செம்மண் தூள் முன்விளிம்பில் இல்லாமல் அதற்குச் சற்றுப் பின்னே, நடுப்பகுதியில் தேய்ந்து ஒட்டியிருந்தது. 60-இன் சோலில் தூள் முழுவதும் முன்விளிம்பின் ஓரத்தில்.

காரணம் எளிய கணக்குதான். செல்போனில் பக்கவாட்டில் எடுத்த படத்தில், மட்டை தரையைத் தொடும் கணத்தில் தண்டு இலக்கின் பக்கம் சுமார் 10 டிகிரி சாய்ந்திருந்தது. தண்டு எத்தனை டிகிரி முன்னே சாய்கிறதோ, அத்தனை டிகிரி லாஃப்டும் குறையும், பவுன்ஸும் குறையும். ஆகவே அவர் கையில் 56-க்கு 14 என்பது 46-க்கு 4 ஆகிறது; கட்டாந்தரைக்கு அது போதும். 60-க்கு 4 என்பதோ 50-க்குக் கழித்தல் 6 ஆகிறது. அந்த நிலையில் பின்பகுதி காற்றில் நிற்க, கூரிய முன்விளிம்பு மட்டுமே மண்ணைச் சந்திக்கும். கட்டாந்தரைக்குக் குறைந்த பவுன்ஸ் என்ற விதி, தண்டை ஏறக்குறைய நிமிர்த்தி வைத்துத் தட்டையாகச் சீவி அடிப்பவருக்கு உரியது. செங்குத்தாக இறக்குபவருக்கு மிகுந்த பவுன்ஸ் என்ற மற்றொரு விதியும் உண்டு. இவ்விரு விதிகளும் ஒரே ஆளிடம் மோதும்போது எதை ஏற்பது என்று கடைகளில் யாரும் சொல்வதில்லை. இந்த நிகழ்வை வைத்துச் சொன்னால், ஆட்டக்காரரின் கையே முந்துகிறது.

படத்தைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சொன்னது: "மண்ணைப் பாத்து வாங்குன்னு எல்லாவனும் சொன்னான் தம்பி, கையைப் பாத்து வாங்குன்னு ஒருத்தனும் சொல்லலியே."

எதை வாங்குவது, எதை விடுவது

நான்கு வெட்ஜ் கொண்ட புதிய செட் ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. கடைக்காரருக்கே உரிய கணக்கோடு, ஒன்றாக வாங்கினால் விலை படியும் என்றார். நான் அதை ஏற்கவில்லை. முதலாவதாக, ஒரு சுற்றில் 14 மட்டைகளுக்கு மேல் பையில் இருக்கக் கூடாது. 1938-இல் அமெரிக்காவிலும் 1939-இல் பிரிட்டனிலும் வந்த அந்த வரம்பு இன்றும் மாறவில்லை. மொத்த அடிகளை எண்ணி ஆடும் ஸ்டிரோக் பிளேயில் அதை மீறினால் மீறிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு ஸ்டிரோக், ஒரு சுற்றுக்கு அதிக அளவாக நான்கு ஸ்டிரோக் தண்டனை. அவர் பையில் ஏற்கெனவே பதினான்கு இருந்தன. இரண்டாவதாக, மாதத்துக்கு ஓரிரு முறையே மைதானத்துக்குச் செல்லும் ஒருவர் நான்கு வெட்ஜ்களின் தூரங்களையும் கையில் பதிய வைத்துக்கொள்வது கடினம். மூன்றை நன்கு அறிந்திருப்பதே மேல்.

ஆகவே 60-ஐ எடுத்துவிட்டு, 43-க்கும் 56-க்கும் நடுவே, அந்த இடைவெளியை நிரப்பும் ஒரு கேப் வெட்ஜைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. இங்கும் இரண்டு வழிகள் இருந்தன. தனியாக விற்கப்படும் 50 டிகிரி வெட்ஜ் ஒன்றை எடுக்கலாம். அல்லது அவருடைய அயன் செட்டுக்கென்றே அதே நிறுவனம் செய்திருக்கும் 49 டிகிரி கேப் வெட்ஜை எடுக்கலாம். தனி வெட்ஜ் கைக்கு நுட்பமாக இருக்கும், அழகாகவும் இருக்கும். ஆனால் அவருடைய அயன்களின் தண்டு இலகுவான கிராஃபைட். தனி வெட்ஜ்களோ பெரும்பாலும் கனத்த ஸ்டீல் தண்டோடு வருபவை. இந்த மட்டையை அவர் பெரும்பாலும் 80 முதல் 100 யார்டு வரை முழு வீச்சில் பயன்படுத்தப்போகிறார். முழு வீச்சில் கனம் மாறினால் தாளம் மாறும். எனவே செட்டோடு சேர்ந்த, அகன்ற சோல் உடைய 49-ஐயே தேர்ந்தோம். அது பன்னிரண்டாம் இடைவெளி முடிவதற்குச் சற்று முன்னே விழுந்தது. 116, 97, 75 என்ற வரிசை நேர்த்தியானதன்று. இருந்தாலும் பழைய ஓட்டை அடைபட்டது.

பழைய 56-இன் முகத்தில் உள்ள பள்ளக் கோடுகள் பற்றியும் பேச்சு எழுந்தது. பந்துக்கும் முகத்துக்கும் இடையே சிக்கும் புல்லையும் ஈரத்தையும் வழிந்தோடச் செய்து பந்துக்குச் சுழற்சி தருவது அவற்றின் வேலை. 2010 முதல் அக்கோடுகளின் கொள்ளளவையும் விளிம்புக் கூர்மையையும் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. ஆகிய இரு அமைப்புகளும் கட்டுப்படுத்தின. தேய்ந்த கோடுகளைக் கூராக்கச் சிறு கருவி ஒன்று இணையத்தில் விற்கிறது என்று அண்ணாச்சி காட்டினார். அதனால் கீறினால் அளவு மீறிப்போய் அந்த மட்டையே விதிக்குப் புறம்பாகலாம். தவிரவும், மணலில் பந்துக்கும் முகத்துக்கும் நடுவே மணல் இருப்பதால் கோடுகளின் கூர்மை அங்கே பெரிதாகப் பயன்படுவதில்லை. பழைய டூத் பிரஷ்ஷும் ஈரத் துணியும் போதும் என்று அதை விட்டுவிட்டோம்.

கையில் செய்த மாற்றம்

தண்டின் சாய்வை முற்றிலும் நீக்க நான் முயலவில்லை. இருபது, முப்பது ஆண்டுப் பழக்கத்தை வேரோடு பிடுங்க முனைந்தால் மிஞ்சியிருப்பதும் போய்விடும். பந்தை வலக்கால் பக்கம் வைக்கும் வழக்கத்தை மாற்றி நடுவுக்குக் கொண்டுவந்தோம். கைப்பிடியான கிரிப்பின் முனை தொடையைச் சுட்டாமல் வயிற்றின் நடுவைச் சுட்டும்படி கையைச் சற்றுப் பின்னே இழுத்தோம். இதனால் சாய்வு பாதிக்கும் கீழே குறைந்தது. வீச்சு முடியும்வரை நெஞ்சு திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல் அறிவுரை. நெஞ்சு நின்றுவிட்டால் கை தானாக முன்னே ஓடும், சாய்வு திரும்பிவிடும்.

பவுன்ஸ் வேலை செய்வதைக் காதால் கேட்க ஒரு வழி உண்டு. பழைய கதவுப் பலகை ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன்மேல் இரண்டு விரற்கடைப் பருமனுக்கு மணலைப் பரப்பி, 56-ஆல் மணலை மட்டும் வாரி எறியச் சொன்னேன். முன்விளிம்பு இறங்கினால் பலகையில் குத்தி மட்டை நிற்கும், மணிக்கட்டுக்கு அதிர்ச்சி வரும். பின்பகுதி தொட்டால் ‘தப்’ என்று மந்தமான ஓசையோடு வழுக்கிச் செல்லும். சொல்லால் விளக்கி மாளாத ஒன்றை அந்த ஓசை விரைவில் கற்பித்தது. பலகையில் குத்தும் பயத்தில் அவரது கை தானாகவே நிமிர்ந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கிரீனை ஒட்டிய சிறு அடிகளில் பெரிய மாற்றம் மட்டைத் தேர்வில்தான். முன்பு பத்தடிக்கும் 60, ஐம்பது அடிக்கும் 60. இப்போது பந்துக்கும் குழிக்கும் நடுவே தடை ஏதும் இல்லையென்றால் எட்டாம் அயன் அல்லது பிட்சிங் வெட்ஜ். கிரீனில் பந்தை உருட்டும் பட் அடிப்பது போன்ற சிறு அசைவில் பந்தைக் கிரீனின் ஓரத்தில் இறக்கி உருள விடுவது. வெப்பப் பகுதி மைதானங்களில் பரவலாக வளர்க்கப்படும் பெர்முடா வகைப் புல்லும் நம் வயல் வரப்பில் படரும் அருகும் ஒரே இனம். அது தரையோடு ஓடிப் படர்வதால், நுனிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். பந்து போக வேண்டிய திசைக்கு எதிரே நுனிகள் சாய்ந்திருந்தால், அந்த வலைக்குள் வெட்ஜின் முன்விளிம்பு மாட்டிக்கொள்ளும். அத்தகைய இடத்தில் லாஃப்ட் குறைந்த மட்டையே ஏற்றது, அல்லது 56-ஐ நன்கு நிமிர்த்தி வைத்துச் சோலால் புல்லைத் தேய்க்க வேண்டும். வரப்பிலேயே இதைப் பழகலாம் என்பது நம் ஊர்க்காரருக்கு வாய்த்த வசதி.

முப்பது முதல் எழுபது யார்டு வரையிலான பாதி அடிகளுக்கு, இடக்கையைக் கடிகார முள்ளாகக் கொண்டு, ஏழரை மணி, ஒன்பது மணி, பத்தரை மணி என மூன்று அளவுகளில் பின்வீச்சை நிறுத்தும் பரவலான முறையைப் பின்பற்றினோம். மூன்று வெட்ஜுக்கும் மூன்று அளவு என்றால் ஒன்பது தூரங்கள். அவற்றை யார்டில் எழுத அவர் மறுத்துவிட்டார். மர இடைவெளியிலேயே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மைதானத்தில் யார்டை மூன்றால் பெருக்கி இருபத்தைந்தால் வகுப்பதெல்லாம் அவர் பாடு.

ஆனியிலிருந்து ஆவணி கடக்கும்வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, இந்தப் பகுதியில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கான காரணத்தை ஒவ்வொரு அடியிலும் நினைவூட்டும். உயரே எழும் 56 அந்தக் காற்றில் நின்ற இடத்துக்கே திரும்பி வருவது போலத் தோன்றும். பந்தைப் பின்னே தள்ளி வைத்துத் தாழ்வாக அடிக்கலாம் என்பது வழக்கமான அறிவுரை. அது அவரது பழைய சாய்வைத் திரும்ப அழைத்துவிடும் என்பதால், நிற்கும் நிலையை மாற்றாமல் 49-ஐ அல்லது பிட்சிங் வெட்ஜை எடுத்து ஒன்பது மணி வீச்சில் அடிப்பதையே பழக்கினோம்.

இரண்டு மணல்கள்

பங்கர் எனப்படும் மணற்குழியிலிருந்து அடிக்கும் பயிற்சிக்காகத் தரிசின் ஓரத்தில் குழி ஒன்று வெட்டியிருந்தார். ஆற்றுமணலை இதற்காக நினைப்பதே தகாது என்பதால், கடைக்கு வரும் லாரியிலிருந்து எம்-சாண்ட் கொட்டி நிரப்பியிருந்தார். கருங்கல்லை உடைத்துச் செய்வதால் எம்-சாண்டின் துகள்கள் முனை கொண்டவை, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். அதிலுள்ள நுண்தூள் மழையில் படிந்து இறுகிவிடும். பந்து அதன் மேற்பரப்பில் உட்கார்ந்தே இருக்கும். இத்தகைய மணலில் 14 பவுன்ஸ் உள்ள வெட்ஜின் முகத்தை அகலத் திறந்தால், திறக்கும்போது பவுன்ஸ் இன்னும் கூடுவதால், மட்டை துள்ளிப் பந்தின் நடுவில் படும். அவர் 56-ஐ வெறுத்ததற்கு இந்தக் குழியே முதற்காரணம். அங்கே முகத்தை நேராக வைத்து, பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னே மணலில் நுழைந்தால் போதும்.

திசையன்விளைப் பக்கம் உறவினருடைய பனைவிளைக்கு ஒருநாள் அழைத்துச் சென்றார். அங்கே தேரி மணல்: சிவந்து, மாவு போல இளகி, கால் வைத்தால் கணுக்கால் வரை வாங்கும். மேலிருந்து போட்ட பந்து பாதிக்கு மேல் புதைந்துவிட்டது. புதையாமல் மேலே கிடந்த பந்துகளுக்கு 56-இன் முகத்தைத் திறந்து, கால்களை மணலில் அழுத்தி நின்று, சோலின் முழு அகலமும் மணலை அறையும்படி அடித்தபோது, பந்து ஒரு கைப்பிடி செம்மணலோடு மிதந்து எழுந்தது. பாதி புதைந்த பந்துக்கு அது பயன்படவில்லை. அங்கே முகத்தை மூடிப் பவுன்ஸைக் குறைத்து முன்விளிம்பைத் தோண்ட விட வேண்டும். எழும் பந்து சுழற்சியின்றி நெடுந்தூரம் உருளும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும். தம் பழைய கை உதவும் இடம் இது ஒன்றுதான் என்பதில் அண்ணாச்சிக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பயிற்சிக் குழியில் ஒத்திகை வீச்சின்போது மணலைத் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். பங்கரில் ஒத்திகை வீச்சில் மணலைத் தொடுவதும், பந்துக்கு நேர் முன்னோ பின்னோ மட்டையை மணலில் ஊன்றுவதும் தண்டனைக்குரியவை. உதிர்ந்த இலை, சருகுகளை அகற்றுவதை மட்டும் 2019 முதல் விதி அனுமதிக்கிறது. தனிக் குழியானாலும் அந்தப் பழக்கத்தை அங்கேயே நிறுத்தச் செய்தேன்.

மைதானத்தில்

திருவனந்தபுரத்தில் அடுத்தடுத்து ஆடிய சுற்றுகளில், கிரீனுக்கு அருகே ஒரே இடத்திலிருந்து இரண்டு முறை அடிக்கும் நிலை அரிதாயிற்று. பந்து குழியை ஒட்டி நிற்கத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. கிரீனில் நின்றது, அவ்வளவே. இருபதுக்கு மேல் ஹேண்டிகேப் உள்ளவருக்கு அதன் மதிப்பு பெரிது. கூட ஆடுபவர்கள் 56-ஐப் பார்த்து, இந்தத் தரைக்கு இவ்வளவு பவுன்ஸா என்று இன்னமும் கேட்கிறார்கள்.

கொடைக்கானலில் நிலைமை வேறு. 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் முழு வீச்சில் அடித்த பந்து சமவெளியை விட ஏழெட்டு சதவீதம் கூடுதலாகச் செல்லும். 49-க்கு அது ஏறத்தாழ ஒரு மர இடைவெளி. முதல் சில குழிகளில் பந்து கிரீனைத் தாண்டியதும், சட்டைப் பையில் இருந்த தாளில் முழு வீச்சுக்கு மட்டும் ஒன்றைக் கூட்டிக்கொண்டார். பாதி அடிகளில் வேறுபாடு சிறிதே என்பதால் அவற்றைத் தொடவில்லை. பனியில் நனைந்த புல்லில் பந்துக்குச் சுழற்சி கிடைக்காமல் கூடுதலாக உருண்டதுதான் அங்கே பெரிய தொல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன் முகத்தைத் துடைப்பதைத் தவிர அதற்கு வழியில்லை.

60-ஐ விட்டதால் வந்த இழப்பையும் சொல்லியாக வேண்டும். நடுவே பங்கர், அதை ஒட்டியே குழியைக் காட்டும் கொடி, பந்து இறங்கி நிற்க இடமே இல்லை என்ற நிலையில், உயர எழுந்து விழுந்த இடத்தில் நிற்கும் அடி இப்போது அவரிடம் இல்லை. 56-ஆல் கொடியைத் தாண்டிக் கிரீனின் நடுவில் போட்டு இரண்டு பட்டில் முடிக்கிறார். அவருக்கு இது உறுத்துகிறது. மகன் வாங்கித் தந்ததை மூலையில் போட்டது அதனினும் உறுத்துகிறது. 58 டிகிரி லாஃப்டும் 12 பவுன்ஸும் உடைய வெட்ஜ் ஒன்று இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்பது என் எண்ணம். அதற்கு நீண்ட அயன்களில் ஒன்றை அவர் விட வேண்டியிருக்கும். ஐப்பசி மழை ஓய்ந்து தரிசில் அருகு தழைத்ததும், அத்தகைய வெட்ஜ் ஒன்றை இரவல் வாங்கிக் கோலமாவுக் கோட்டில் இரு தரைகளிலும் அடித்துப் பார்த்து, சோலில் மண் எங்கே ஒட்டுகிறது என்று கண்ட பிறகே விலை பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.